மறுபடியும் ஆறு மாதப் பாட்டி வேலைக்குக் கிளம்புவது எப்படி?

போன தடவை அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது, மீனம்பாக்கத்தில் டாக்ஸி ஏறும்போதே சொல்லிவிட்டீர்கள்: "இனிமே அந்தத் திசைக்கே ஒரு கும்பிடு." சொல்லி இரண்டு வருஷம் ஆகவில்லை. இதோ மகள் வீடியோ காலில் வந்து, "அம்மா, ஒரு குட் நியூஸ்" என்று இழுக்கிறாள். அவள் சொல்லி முடிப்பதற்குள், பரண்மேல் கிடக்கும் பெரிய பெட்டிக்கு நாலு சக்கரமும் இருக்கிறதா என்று நீங்கள் யோசித்தாயிற்று. அருமையான தொடக்கம். முதல் தடவை போகிறவர்கள் தெரியாமல் கஷ்டப்படுகிறார்கள். நீங்கள் எல்லாம் தெரிந்தே கஷ்டப்படப் போகிறீர்கள். அதற்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டாமா?

முதலில் அந்த வேலை ஏன் உங்களுக்காகக் காலியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தாக வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் அமெரிக்காவில் கிடையாது. 1993-இல் வந்த சட்டம் 12 வாரத்துக்கு வேலையைக் காப்பாற்றித் தரும், சம்பளம் தராது. அதுவும் தனியார் நிறுவனமென்றால் 50 பேராவது வேலை பார்க்க வேண்டும். சில மாநிலங்களும் பெரிய கம்பெனிகளும் தாமாகப் பார்த்துக் கொஞ்சம் கொடுக்கின்றன. நம் நாட்டில் 2017 முதல், முதலிரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் என்று சட்டம் இருக்கிறது. வல்லரசு விட்டுவைத்த அந்த ஓட்டையை அடைக்க மயிலாப்பூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆள் போகிறது. அந்த ஆள் நீங்கள்.

இதே வேலைக்கு அங்கே முறையான ஏற்பாடு ஒன்றும் உண்டு. 'ஓ பேர்' என்பார்கள். 1986-இல் தொடங்கியது. 18 முதல் 26 வயது வரையுள்ள வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து, ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் உச்சம். வாரம் ஒன்றரை நாள் ஓய்வு. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு முழுக்க ஓய்வு. வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. தனி அறை. கைச்செலவுக்கு வாரம் குறைந்தது 195 டாலர் 75 சென்ட். படித்தீர்களா? மறந்துவிடுங்கள். உங்களுக்கு வயது அறுபத்து மூன்று.

1. கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொள்ளுங்கள்.

ராத்திரி குழந்தை யார் அறையில் படுக்கும், சமையல் யார் பொறுப்பு, மூத்தவனைப் பள்ளிக்குக் கிளப்புவது யார் என்று ஒன்றையும் இப்போது பேசாதீர்கள். பெற்ற மகளிடம் யாராவது நிபந்தனை பேசுவார்களா? "நீ ஒண்ணும் கவலைப்படாதே, நான் வந்து எல்லாத்தையும் பாத்துக்கறேன்." இவ்வளவு போதும். அந்த 'எல்லாத்தையும்' மிக முக்கியம். விட்டுவிடாதீர்கள்.

2. பருவத்தை மோசமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

போன தடவை ஏப்ரலில் போய் அக்டோபரில் வந்தீர்கள். நயாகராவில் மழைக்கோட்டு போட்டுப் படம்கூட எடுத்துக்கொண்டீர்கள். அந்தச் சொகுசெல்லாம் இந்த முறை வேண்டாம். நவம்பரில் இறங்குங்கள். மகள் இருக்கும் நியூஜெர்சியில் டிசம்பர் மாதம் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். இங்கே மார்கழிக் கச்சேரி, பொங்கல், தை மாத முகூர்த்தங்கள் எல்லாம் ஒரே அடியில் தவறிப்போகும். தங்கை மகன் கல்யாணமா? கவலை வேண்டாம், நேரலை இருக்கிறது. இங்கே காலை ஏழரைக்கு முகூர்த்தம் என்றால் அங்கே முந்தின இரவு 9 மணி. சரியாகக் குழந்தை வீறிட்டு அழும் நேரம். கெட்டிமேளம் கேட்கும், தாலி கட்டுவது தெரியாது.

3. சம்பந்தி அம்மாவிடமிருந்து வேலையை முறைப்படி ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் ஒரு பாட்டி, அடுத்த ஆறு மாதம் இன்னொரு பாட்டி என்ற ஷிப்ட் முறையை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் எடிசனிலிருந்து ஃப்ரீமான்ட் வரை நம்மவர் வீடுகளில் அது நடக்கிறது. மூத்தவனைப் பார்த்துக்கொள்ள மே மாதமே வந்துவிட்ட சம்பந்தி அம்மா கிளம்புகிற வாரத்தில்தான் நீங்கள் போய் இறங்குவீர்கள். அந்த ஒரு வாரம் ஒரே அடுப்படியில் இரண்டு பேர். வீணாக்காதீர்கள்.

அவர் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது அஞ்சறைப் பெட்டியின் வரிசையை மாற்றுங்கள். கடுகு இருந்த இடத்தில் வெந்தயம், வெந்தயம் இருந்த இடத்தில் சீரகம். அவர் மூத்தவனைத் தோளில் போட்டுத் தட்டும்போது, "ஐயோ, இப்படித் தட்டினா தூங்குவானா?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். அவர் ஊருக்குப் போன மூன்றாம் நாள் மாப்பிள்ளை பொத்தாம்பொதுவாகச் சொல்வார்: "அம்மா இருந்தப்ப எட்டு மணிக்கெல்லாம் தூங்கிடுவான்." பதில் பேசாதீர்கள். மறுநாள் ஏழரைக்கே தூங்கவைத்துக் காட்டுங்கள். இனி ஆறு மாதத்துக்கு ஏழரைதான் கணக்கு.

4. பெட்டி.

பெரும்பாலான விமானங்களில் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. ஆக 46 கிலோ. இதில் 40 கிலோ அவர்களுக்கு. பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல், பிரசவ லேகியம், நாலு தினுசு வடாம், ஒரு இட்லிப் பானை. ஒவ்வொன்றையும் மூன்று ஜிப்லாக் பைக்குள் போட்டு, அதன்மேல் டேப் சுற்றி, அதன்மேல் பேர் எழுதுங்கள். எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் இதெல்லாம் கிடைக்கிறதே என்று மகள் சொன்னால் காதில் வாங்க வேண்டாம். அங்கே வாங்கினால் நீங்கள் எதற்கு?

கறிவேப்பிலைக்குத் தனிக் கவனம் தேவை. அதைப் பச்சையாக அமெரிக்காவுக்குள் கொண்டுபோகத் தடை. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அந்த இலையில் குடியிருக்கும். ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் அந்த நோய் பெரும் நாசம் செய்திருக்கிறது. இது தெரிந்திருந்தும் ஒரு கொத்தைப் பட்டுப்புடவை மடிப்பில் செருகுங்கள். பெட்டி வரும் இடத்தில் மோப்பம் பிடிக்க ஒரு பீகிள் நாய் சுற்றிக்கொண்டிருக்கும். அது உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், கொஞ்சுவதற்காக உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் ஆறு கிலோவில் உங்கள் உடுப்பு. பிரஷர் மாத்திரை மூன்று மாதத்துக்குப் போதும். மீதி மூன்று மாதம் பேரன் முகத்தைப் பார்த்தே ரத்த அழுத்தம் இறங்கிவிடும் என்று நம்புங்கள்.

5. அதிகாரி கேட்பார்.

சென்னையிலிருந்து நேராக விமானம் கிடையாது. துபாயிலோ தோஹாவிலோ லண்டனிலோ மாறியாக வேண்டும். பழனி மலையை நடந்தே ஏறுகிற நீங்கள் சக்கர நாற்காலிக்குப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் உங்களை உட்காரச் சொல்லப்போகிறவர் அந்த விமான நிலைய ஊழியர் ஒருவர்தான்.

இறங்கியதும் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து அதிகாரி, எதற்காக வந்தீர்கள் என்று கேட்பார். மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று பக்கக் கேள்வி பதிலை விமானத்திலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் வேலை செய்யக் கூடாது. நீங்கள் செய்யப்போவது வேலையே இல்லை என்று உங்கள் வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. ஆகவே குரல் நடுங்காமல் சொல்லலாம்: "மகளைப் பார்க்க வந்தேன்." அவர் வழக்கம்போல ஆறு மாதம் கொடுப்பார். அந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

6. முதல் நாளே கெடுத்துவையுங்கள்.

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு படியைத்தான் உங்களால் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். இறங்கிய மறுநாள் விடிகாலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும். உங்கள் உடம்புக்கு அப்போது மத்தியானம். சும்மா படுத்திருக்கத்தான் தோன்றும், படுக்காதீர்கள். எழுந்துபோய் டிகாக்ஷன் இறக்குங்கள். பாத்திரம் கழுவுங்கள். அங்கே டிஷ்வாஷர் என்று ஒரு இயந்திரம் இருக்கும். அதைத் திறந்து, கையால் கழுவிய பாத்திரங்களைக் காய வைக்கும் அலமாரியாகப் பயன்படுத்துங்கள். ஐந்தரைக்குள் பொங்கலும் சட்னியும் தயாராக வேண்டும். தாளிக்கும்போது புகை அலாரம் அலறும். குழந்தை எழும், மூத்தவன் எழுவான், மாப்பிள்ளை துண்டோடு ஓடிவந்து அலாரத்துக்குக் கீழே நின்று விசிறுவார். மைனஸ் நாலு டிகிரியில் ஜன்னலைத் திறந்துவிட்டு, "சாப்பிட வாங்க மாப்பிள்ளை" என்று கூப்பிடுங்கள்.

அவர் சாப்பிட்டுவிட்டு, "எதுக்கு அத்தை இவ்வளவு சிரமம்?" என்று கேட்பார். உண்மையிலேயே கேட்கிறார், நல்ல மனிதர். "இதுல என்ன சிரமம்?" என்று சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான், ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. இரண்டாம் வாரத்திலிருந்து யாரும் கேட்க மாட்டார்கள்.

7. குழந்தை வளர்ப்பில் உங்கள் அனுபவத்தைத் தவறான இடத்தில் காட்டுங்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பார்க்க வருகிற ஓ பேர் பெண், கைக்குழந்தைகளோடு 200 மணி நேரம் பழகியதற்குச் சான்று காட்ட வேண்டும். உங்கள் சான்று எதிரே உட்கார்ந்து லேப்டாப்பில் மீட்டிங் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தச் சான்றிதழ்தான் உங்களுக்குப் பாடம் எடுக்கும்.

குப்புறப் போட்டால் குழந்தை நன்றாகத் தூங்கும் என்று தொடங்குங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1992-இலேயே குப்புறப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் அங்கே தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் வைக்கலாமே என்று அடுத்து கேளுங்கள். அதை உணவில் சேர்க்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1968-இலேயே தடை போட்டுவிட்டது. தேன்? ஒரு வயது வரை கூடாது. கண் மை? ஈயம் இருக்கலாம். சேலையில் தூளி? மகள் முகத்தைப் பார்த்ததும் நீங்களே அந்தப் பேச்சை விட்டுவிடுவீர்கள்.

இதில் மகள் சொல்வதெல்லாம் சரி. எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் நீங்கள் விடக் கூடாது. "உன்னை இப்படித்தான் வளர்த்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், உங்களுக்கு நிஜமாகவே தெரிந்த விஷயங்களையும் அவர்கள் கேட்காமல் போவார்கள். வயிற்றுவலி அழுகைக்கும் தூக்க அழுகைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு அடுத்த அறையிலிருந்தே தெரியும். அதைச் சொன்னாலும் செயலியில்தான் சரிபார்ப்பார்கள்.

செயலி உங்களுக்குப் புரியாது என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளும் ஒட்டியிருப்பார்கள். நாலு கட்டம்: நேரம், பால், டயபர், தூக்கம். 10.40 – 90 மில்லி – ஈரம் – இல்லை. 1.15 – 70 மில்லி – இரண்டும் – 25 நிமிடம். பேனா காந்தத்தில் தொங்கும். ஒவ்வொன்றையும் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். அந்தத் தாளில் உங்கள் தூக்கத்துக்குக் கட்டம் இருக்காது. ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கும், அதிலும் எழுதாதீர்கள்.

8. ஓய்வு நாளை முளையிலேயே கிள்ளுங்கள்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை நீ ரெஸ்ட் எடு, வெளியில சாப்பிட்டுக்கலாம்" என்று மகள் சொல்லும் ஆபத்து உண்டு. வெள்ளிக்கிழமையே அரிசி உளுந்தை ஊறப்போடுங்கள். அந்தக் குளிரில் மாவு லேசில் பொங்காது. ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்து, ஓவனைப் போடாமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட வேண்டும். சனிக்கிழமை முழுக்கக் கண்ணாடி வழியாகக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். ஞாயிறு காலை பொங்கிய மாவைக் காட்டிவிட்டால், வெளியே சாப்பிடும் பேச்சு தானாக அடங்கும்.

காரோட்டக் கற்றுக்கொள்ள வேண்டாம். பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்கவே கேட்காதீர்கள். பிரிட்ஜ்வாட்டர் பெருமாளை மாப்பிள்ளைக்கு ஒழிந்தபோது சேவித்துக்கொள்ளலாம். வெயில் அடிக்கும் அபூர்வமான நாளில் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு பூங்காவுக்குப் போனால், அங்கே தெலுங்குப் பாட்டி ஒருவர், குஜராத்திப் பாட்டி ஒருவர், சீனப் பாட்டி ஒருவர் இருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே வேலை. சீனப் பாட்டியோடு பேச்சு இல்லாமலே அது புரியும். யார் வீட்டுக் குழந்தை எத்தனை மில்லி குடிக்கிறது என்பதோடு பேச்சை நிறுத்துங்கள். யாருக்கு எப்போது லீவு என்று ஒருவர் ஆரம்பித்தால் அது சங்கமாகப் போய் முடியும்.

9. உடம்புக்கு வராதீர்கள்.

அந்த நாட்டு முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு விருந்தாளிக்குக் கிடையாது. வருகையாளர் காப்பீடு போட்டிருப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய் என்றால் பெரும்பாலும் கைவிரிக்கும். அறுபத்து மூன்று வயதில் ஏற்கெனவே இல்லாத நோய் எது? பல்வலியா, கிராம்பு. முழங்கால் வலியா, தைலம். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு தேயுங்கள். வாசனை பரவினால் கேள்வி வரும். சென்னை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

10. கணவர்.

கூட்டிப்போனால் தெர்மோஸ்டாட்டைக் குறைத்துக்கொண்டே இருப்பார். விட்டுவிட்டுப் போனால் மெஸ் சாப்பாடு. எப்படியானாலும் தப்பு உங்களுடையது.

11. பணம் என்ற பேச்சே வேண்டாம்.

மாப்பிள்ளை தீபாவளிக்கோ பிறந்தநாளுக்கோ நூறு டாலரை உறையில் வைத்து நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வற்புறுத்தினால் வாங்கி, அதில் பேரனுக்கு வெள்ளிக் கொலுசு வாங்குங்கள். வாரம் 195 டாலர் 75 சென்ட் வீதம் 26 வாரத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடவே போடாதீர்கள். 5,089 டாலர் 50 சென்ட். போடாதீர்கள் என்றேனே.

12. தேதி வருகிறது.

அதிகாரி கொடுத்த அந்த ஆறு மாதம் முடியப்போகிறது. பிப்ரவரியிலேயே மகள் மெல்லக் கேட்பாள்: "அம்மா, நீ இன்னும் ரெண்டு மாசம் இருக்க முடியுமா?" நீட்டிப்புக்கு விண்ணப்பப் படிவம் உண்டு, ஐ-539 என்று பேர். அனுமதியில்லாமல் கெடுவைத் தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கினால், ஊர் திரும்பிய பிறகு மூன்று வருஷத்துக்கு உள்ளே விட மாட்டார்கள். ஒரு வருஷமானால் பத்து. கவனித்தீர்களா? ஓ பேர் பெண்ணுக்கு ஓய்வு தர எத்தனை விதிகள் இருக்கின்றன! உங்களை உட்காரவைக்க அமெரிக்காவில் இருப்பது குடியேற்றச் சட்டம் ஒன்றுதான். மகளாலும் முடியாததை, மாப்பிள்ளையாலும் முடியாததை அது செய்கிறது. அதையும் குறைகூறுங்கள். "இன்னும் ரெண்டு மாசம் கொடுத்திருந்தா குழந்தை தவழறதைப் பாத்திருப்பேன்" என்று விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லுங்கள்.

13. வீடு திரும்பியதும்.

பார்க்க வருகிற எல்லாரிடமும், "இனிமே யார் கூப்பிட்டாலும் போறதா இல்லை" என்று சொல்லுங்கள். விசா இன்னும் ஆறு வருஷத்துக்குச் செல்லும் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். பெட்டியைப் பரணில் ஏற்றும்போது சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஏற்றுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை மகளுக்கு அனுப்பிவிடாதீர்கள். அவள் இதைப் படித்துவிட்டு, "அம்மா, நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல நீ எதையும் தொடாதே, ஞாயித்துக்கிழமை முழுக்க உனக்கு லீவு" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்? சரி என்று சொல்ல உங்களுக்கு இன்னும் பயிற்சி போதாது.